அண்ணன் திருத்தினால் சரிதான்

ஊசியம்மாவைக் கண்டு பயப்படாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் அவளுக்கு வேலை. வாசலில் வண்டியை உறுமவிட்டு இறங்குகிற வாட்டசாட்டமான ஆம்பிளைகூட, அவள் ரப்பர் பட்டையைக் கையில் கட்டியதும் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்பாள். "எந்த எறும்பும்மா? யானை சைஸ்ல இருக்கற எறும்பா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பேசாம இருந்தா எறும்பு, கையை ஆட்டினா யானை" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிட்டாள். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள், தானே நாலு வரி எழுதிய காகிதத்தைப் பார்த்து ஈரக்குலை நடுங்க உட்கார்ந்திருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

ஆரம்பித்து வைத்தவள் அண்ணன் மகள். கடல் தாண்டிப் போய்க் குடும்பம் நடத்துகிறவள். ஒருநாள் போனில், "அத்தை, நீங்க சின்ன வயசுல இருந்த வீடு, பண்ணின சேட்டை, வாங்கின அடி, எல்லாத்தையும் எழுதி அனுப்புங்களேன். என் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும். பெரிய விஷயமெல்லாம் வேண்டாம், சும்மா தினப்படி நடந்தது போதும்" என்றாள்.

"உங்கப்பாகிட்டக் கேளு. அவர்தான் எழுத்துலயே ஊறினவர்."

"அப்பாவா? அவர் முதல் வரியத் திருத்தி முடிக்கறதுக்குள்ள என் பேரப்பிள்ளைங்க வந்துடுவாங்க" என்று அவள் சிரித்தாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதனால் அச்சகம் முழுக்க அவருக்கு 'ஒற்று சார்' என்றே பெயர். ஊசியம்மாவின் கல்யாணப் பத்திரிகையில் 'பேருந்து நிலையத்தின் அருகாமையில்' என்று அடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அருகாமைன்னா பக்கத்துல இல்லைன்னு அர்த்தம்யா! வர்றவன் எங்க போய்த் தேடுவான்?" என்று மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பினார். கல்யாணம் நிற்காமல் நடந்ததே பெரிய பாடு. அதைவிட ஜென்ம விரோதி ஒரு சொல் அவருக்கு இருந்தது: 'முயற்சித்தேன்'. "முயன்றேன்னு சொல்லு. இல்லைன்னா முயற்சி செய்தேன்னு சொல்லு. முயற்சித்தேன்னு ஒரு வினை எந்த ஊர்ல இருக்கு?" என்று சண்டைக்கு வருவார். அண்ணி உயிரோடு இருந்த நாளில், அவரைச் சீண்டவேண்டும் என்றால், "தூங்க முயற்சித்தேன், தூக்கம் வரலை" என்பாள். படுத்திருந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இப்போது அண்ணியும் இல்லை, ஊசியம்மாவின் வீட்டுக்காரரும் இல்லை. ஒரு குறுகலான மாடி வீட்டில் அண்ணன் மேலே, தங்கை கீழே. பகலில் அவள் வேலைக்குப் போய்விட்டால் அண்ணன் கீழே வந்து டீ போட்டுக் குடிப்பார், பேப்பரில் உள்ள பிழைகளைத் திருத்துவார், மறுபடி மேலே போவார். காசா பணமா, கேட்பாரும் இல்லை.

முதலில் ரேடியோவைப் பற்றித்தான் ஊசியம்மா எழுதினாள். 'அப்பா ஒரு பச்சை ரேடியோ வாங்கி வந்தார். அதன் திருகை நான் உடைத்துவிட்டேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன், தான்தான் உடைத்ததாகச் சொல்லி அடியை வாங்கிக்கொண்டான்.' எழுதி முடித்ததும் அவளுக்கே பெருமை தாங்கவில்லை. பிழை பார்த்துத் தரச்சொல்லி மேலே கொண்டுபோனாள். அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் ஒற்றைப் போட்டார். ஒரு காற்புள்ளியைத் தூக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது? நம்ம வீட்ல ரேடியோ ஏது?"

"இருந்ததுண்ணா. பச்சைக் கலர்ல. ஜன்னல் பக்கத்துல வச்சிருப்போம்."

"அது பக்கத்து வீட்ல. நாம சுவத்துல காதை வச்சுக் கேப்போம். நல்லா யோசிச்சுப் பாரு."

அண்ணன் திருத்தினால் சரிதான் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். ஊசியம்மா யோசித்துப் பார்த்தாள். ரேடியோவின் பச்சை அப்படியே கண்ணுக்குள் நின்றது. திருகு உடைந்த சத்தம்கூடக் கேட்டது. இல்லாத ஒரு பொருளுக்கு இத்தனை நிறமும் சத்தமும் எங்கிருந்து வந்தன என்று நினைத்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொன்னாள். செத்துப்போன தன் தம்பிக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்தாள். கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, "டீச்சர், என் பொண்ணு நல்லாப் படிக்கிறாளா?" என்று கேட்டாள். "படிக்கிறாம்மா" என்று சொல்லிவிட்டு ஊசியம்மா குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே பயம்தான். சாவுகூட வரட்டும், இது மட்டும் வரவேண்டாம். அம்மாவுக்கு ஆரம்பித்த வயசு இப்போது அவளுக்கு.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா? பல் வலிக்கிற இடத்தையே நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி, இன்னொன்று எழுதினாள், மற்றொன்று எழுதினாள். அப்பா வளர்த்த நொண்டிப் பூனையைப் பற்றி எழுதினாள். பூனையே வளர்க்கவில்லை என்றார் அண்ணன். மழைக்கு ஒழுகிய சமையலறையைப் பற்றி எழுதினாள். ஒழுகினது முன்னறை என்றார். ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோடு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் மிருதுவானது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அண்ணன் கத்துகிற ஆள். கத்தாமல் பேசுகிறார் என்றால் நிலைமை அவ்வளவு மோசம் என்றுதானே அர்த்தம்?

வீட்டிலும் ஒவ்வொன்றாக நடந்தது. காணாமல்போன வாசல் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. "வேலைக்குப் போற அவசரத்துல நீதான் போட்டிருப்பே பாப்பா" என்றார் அண்ணன். ஒருநாள் சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் கருகின வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டீப் பாத்திரம் அடிபிடித்துக் கரியாகிக் கிடந்தது. "காலைல அணைக்காமப் போயிட்டியே! நான் மேல இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஊசியம்மா ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். தான் அடுப்பை அணைத்த ஞாபகம் அவளுக்கு நன்றாக இருந்தது. ஆனால் ரேடியோ ஞாபகமும் நன்றாகத்தானே இருந்தது?

பரிசோதனைக் கூடத்தில் இன்னும் மோசம். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயர் ஒட்டிய குழாயில் போய்விட்டால் என்ன ஆகும்? நோய் இல்லாதவன் மருந்து சாப்பிடுவான், நோய் உள்ளவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். உட்காரும்போது பெயர் கேட்டாள், பட்டை கட்டும்போது கேட்டாள், குழாயில் ஒட்டும்போது மறுபடி கேட்டாள். "ஏம்மா, எனக்குப் பொண்ணு ஏதாவது பாக்கறியா, இத்தனை வாட்டி பேரைக் கேக்கறே?" என்றார் ஒரு பெரியவர். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசியம்மாவால் சிரிக்க முடியவில்லை. குழாய்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் வாழ்க்கையிலேயே சத்தியமாக நடந்தது என்று எதைச் சொல்ல முடியுமோ அதை எழுதுவது. அதுவும் தப்பு என்று அண்ணன் சொல்லிவிட்டால், மறுநாளே வேலையை விட்டுவிடுவது. யாரையாவது கொன்றுவிட்டு விடுவதைவிட இப்போதே விடுவது மேல்.

அவள் எழுதியது இது: 'அந்த வருஷம் பரீட்சையில் தோற்றுப்போனேன். வீட்டுக்குப் போகப் பயந்து, யாரோ வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். இருட்டத் தொடங்கியபோது அண்ணன்தான் என்னைக் கண்டுபிடித்தான். திட்டவில்லை. குனிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுது முடி, அப்புறம் போகலாம் என்றான். நான் அழுகையை நிறுத்த முயன்றேன். முடியவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.'

விடுமுறை நாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அண்ணன் வாங்கிப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். சிவப்புப் பேனா அங்கங்கே இறங்கி ஏறியது. பேனாவை மூடி வைத்தார்.

"இது யாருக்கு நடந்தது பாப்பா?"

"எனக்குத்தாண்ணா. நீதானே வந்து கூட்டிட்டுப் போனே?"

"நானா?" அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இல்லையேம்மா. அப்படி ஒண்ணும் நடக்கலையே." பிறகு எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "பயப்படாதே. நான் இருக்கேன்ல" என்றார்.

கீழே வந்து ஊசியம்மா நாற்காலியில் விழுந்தாள். சரி, முடிந்தது கதை. நாளைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் சமையல் மறக்கும், தெரு மறக்கும், அண்ணன் முகம் மறக்கும், யாரையாவது டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் கடல் தாண்டிக் காத்திருக்கிறவளுக்கு ஒரு பக்கமாவது அனுப்பவேண்டுமே என்று, அண்ணன் திருத்தியபடியே நல்ல காகிதத்தில் பிரதி எடுக்க உட்கார்ந்தாள். 'அண்ணன்தான்' என்பதை அடித்துவிட்டு 'யாரோ ஒருவர்' என்று எழுதியிருந்தார். அதையும் அப்படியே எழுதினாள். 'நான் அழுகையை நிறுத்த' என்று எழுதி, அடுத்த சொல்லைப் பார்த்து எழுதினாள். எழுதியதும் கை தானாக நின்றுவிட்டது. சின்ன வயசிலிருந்து அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் தலையில் குட்டு விழும். குட்டுக்குப் பழகிய தலை தானாகக் குனிந்தது.

'முயற்சித்தேன்.'

தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்து அண்ணன் தாளைப் பார்த்தாள். அவளுடைய நீல மையில் 'முயன்றேன்' என்று ஒழுங்காகத்தான் இருந்தது. அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, மேலே, குண்டு குண்டான அழகான எழுத்தில், சந்தேகமே இல்லாமல், 'முயற்சித்தேன்' என்று எழுதியிருந்தார் ஒற்று சார்.

கையை வெட்டினாலும் அவர் எழுதாத சொல் அது. ஊசியம்மா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விளையாட்டுக்குச் செய்திருப்பாரோ? பிழை விஷயத்தில் அவர் பெண்டாட்டியோடுகூட விளையாடியதில்லை.

சித்திக்குப் போன் போட்டாள். அம்மாவின் கடைசித் தங்கை. காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறவள்.

"சித்தி, எங்க வீட்ல ரேடியோ இருந்துச்சா?"

"எதுக்குடி கேக்கறே? பங்கு கேக்கப் போறியா? பச்சையா ஒரு டப்பா இருந்துதே! அதுக்கு உங்கம்மா துணி போட்டுப் போர்த்தி வேற வைப்பா, என்னமோ அதுக்குக் குளிரப்போற மாதிரி."

"நொண்டிப் பூனை?"

"அந்தச் சனியன் என் சேலையில குட்டி போட்டுச்சே, மறப்பேனா?"

ஊசியம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் பரீட்சையில தோத்துட்டு ஒளிஞ்சுக்கிட்டேனே..."

"ஒளிஞ்சுக்கிட்டு எல்லாரையும் கொன்னியே! உங்கண்ணன் என் வீட்டுக் கதவை இடிச்ச இடி இன்னும் காதுல கேக்குது. செருப்புகூடப் போடலை பையன். தெருத்தெருவா ஓடி, கால்ல ரத்தம். ஏண்டி, அழறியா சிரிக்கிறியா?"

சிரித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? சிரித்தாள். தனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நடந்திருக்கிறது, ரேடியோ பச்சைதான், பூனை நொண்டிதான், மூளை கல்லு மாதிரி இருக்கிறது. போனை வைத்துவிட்டு, தாலி கட்டிய அன்றுகூட இல்லாத சந்தோஷத்தோடு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குடித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள்.

காலையில் அணைக்காமல் போயிருந்தால் சாயங்காலம்வரைக்கும் அந்தப் பாத்திரம் பாத்திரமாகவா இருந்திருக்கும்? தான் காலையில் டீயே போடுவதில்லையே, கூடத்தில் போய்த்தானே குடிக்கிறோம்? அரிசி டப்பாவைத் திறந்தது யார்? ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உதைத்தது. தண்ணீர் புரையேறி இருமினாள். மேலே அண்ணன் நடக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல்வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்து, மறுபடி நின்றது. எதற்கு எழுந்தோம் என்று தெரியாத ஆள் நடக்கிற நடை. இத்தனை நாள் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது, அவள் தன்னைப் பற்றிய பயத்தில் காதிலேயே வாங்கவில்லை. கொஞ்சம் முன்னால் சிரித்ததை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தனக்கென்று பயந்தபோது அழக் கண்ணீர் இருந்தது. இந்தப் பயத்துக்கு அதுவும் வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "அவரை நரம்பு டாக்டர்கிட்டக் காட்டணும். நான் போன் பண்ணி விவரம் சொல்லிடறேன். வருவாரா?" என்றாள் டாக்டரம்மா.

"அவருக்குன்னு சொன்னா வரவே மாட்டாரு."

"அப்ப உங்களுக்குன்னு சொல்லுங்க."

அதையும் செய்தாள். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட வரியா?" என்று கேட்டதுதான் தாமதம், மனுஷன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "நான் வராம வேற யார் வருவா?" என்றார். பஸ்ஸில் ஓர் இடம்தான் கிடைத்தது. அவளை உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றார். இறங்கும்போது, "பாத்து பாப்பா, படி" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஊசியம்மா, "சரிண்ணா, சரிண்ணா" என்று தலையாட்டிக்கொண்டே போனாள். துரோகம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அண்ணனே எல்லாவற்றையும் சொன்னார். அடுக்கடுக்காக, அச்சுக்குப் போகிற மாதிரி தெளிவாகச் சொன்னார்.

"சாவியக் கொண்டுபோய் அரிசி டப்பாவுல வைக்கிறா டாக்டர். அடுப்ப அணைக்க மறந்துடறா. நடக்காததெல்லாம் நடந்ததா எழுதறா. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. இவ பயந்த சுபாவம். நீங்க எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க, அவகிட்டச் சொல்லவேண்டாம். நான் பாத்துப்பேன்."

டாக்டர் தங்கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்பதுபோல், "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்றார்.

அண்ணன் சிரித்தார். "நல்லா இருக்கே! வைத்தியம் அவளுக்கு, கேள்வி எனக்கா? நீ சொல்லு பாப்பா."

சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்தார். பிடித்த கை சில்லென்று வியர்த்திருந்தது. எத்தனையோ கைகளைப் பிடித்தவள் அவள். பயந்த கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஊசியம்மாவுக்கு ஒரு நப்பாசை. தப்பு ஒன்றைக் கண்ணெதிரே போட்டால் அண்ணனால் சும்மா இருக்கமுடியுமா? வாழ்நாளில் இருந்திருக்கிறாரா? அந்த நரம்பு எங்காவது மிச்சம் இருக்காதா?

"ஞாயித்துக்கிழமை" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஆஸ்பத்திரியே திறக்காது. வெளியே கூட்டம் நெரிகிறது, வரும் வழியில் பள்ளிக்கூடத்தில் மணியடித்ததை அவரும்தான் கேட்டார். கத்தப்போகிறார். "மக்கு, ஞாயித்துக்கிழமையில டாக்டர் எதுக்குடி இங்க உக்காந்திருக்காரு?" என்று இந்த அறையே அதிரக் கத்தப்போகிறார். கத்து அண்ணா, தலையில் ஒரு குட்டு வை, கத்து.

அவள் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. அண்ணன் பெருமூச்சு விட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டாக்டர்? டக்குனு சரியாச் சொல்லிட்டா" என்றார். பிறகு தங்கையின் பக்கம் குனிந்து, "பயப்படாதே பாப்பா, உனக்கு ஒண்ணுமில்லே" என்றார்.